வீட்டுக்கு எத்தனை நாள்?

இரண்டு வருடத்துக்கும் சற்று முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் திடீரென்று பாதிச் சம்பளம் என்றார்கள். மூன்றாவது மாதம் அந்தப் பாதியும் நின்றது. அடுத்த வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் வெள்ளம் வரவில்லை, போர் வரவில்லை, கடைகள் மூடவில்லை. வெளியே எல்லாம் வழக்கம் போல நடந்தது. எங்கள் வீட்டுக்குள் மட்டும்தான் பஞ்சம். கணவரின் சம்பளம் கடன் தவணைக்கே சரியாகப் போய்விட்டது. அதனால்தான் அவசரகாலத் தயாரிப்பு என்று முதுகுப்பை, கத்தி, டார்ச்சு எல்லாம் பரப்பி வைத்து யாராவது படம் காட்டினால் எனக்கு எரிச்சல் வரும். அது வீட்டை விட்டு ஓடுவதற்கான தயாரிப்பு. எனக்கு வேண்டியிருந்தது வீட்டிலேயே இருந்து தாக்குப்பிடிப்பது.

புது வேலையில் சேர்ந்த வாரமே ஆரம்பித்தேன். ஒன்றரை வருடத்தில் செய்தது, சொதப்பியது, திருத்தியது எல்லாம் இதில் இருக்கிறது. வீட்டில் நான்கு பேர்: நான், கணவர், பள்ளிக்குப் போகும் மகள், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் என் அம்மா.

கதவில் ஒட்டிய தாள்

முதலில் நான் போட்டது ஒரு நீளமான சாமான் பட்டியல். கணவர் அதைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு இருக்குன்னு எழுதாதே, எத்தனை நாளைக்கு வரும்னு எழுது" என்றார். இந்த மொத்த வேலையிலும் உருப்படியான யோசனை அதுதான். பட்டியலைக் கிழித்துப் போட்டு, ஸ்டோர் ரூம் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன். சாப்பாடு, தண்ணீர், அடுப்பு, மின்சாரம், மருந்து, ரொக்கம், வங்கி. ஏழு வரி. எதிரே நாள் கணக்கு மட்டும்; வங்கி என்றால், கணக்கில் இருக்கும் பணம் எத்தனை நாள் செலவுக்கு வரும் என்பது.

முதல் நாள் எழுதியது இது: சாப்பாடு 11, தண்ணீர் 1, அடுப்பு 23, மின்சாரம் 1, மருந்து 9, ரொக்கம் 2, வங்கி 19. எழுதி முடித்ததும்தான் உறைத்தது. அரிசியை மூட்டை மூட்டையாக ஏற்றி 90 நாளாக்கினாலும், அடுப்பு 23 நாளில் அணைந்தால் மீதி அரிசியை வைத்து என்ன செய்வது? தாளில் எந்த எண் சின்னதோ, அதுதான் வீட்டின் எண். அன்றிலிருந்து கையில் காசு வந்தால் சின்ன எண்ணுக்குத்தான் முதல் செலவு.

தாளில் வங்கி வரியின் எண்ணை ஏற்ற ஒரே வழி செலவைக் குறைப்பது. மூன்று மாதச் செலவை மூன்றாகப் பிரித்தேன்: நிறுத்தவே முடியாதது, பாதியாக்க முடிவது, நாளைக்கே நிறுத்தினாலும் யாருக்கும் தெரியாதது. மூன்றாவது கட்டு இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதை வெட்டிக் கிடைத்ததை முதலில் வட்டி அதிகமான கடனுக்குக் கட்டினோம். கடன் ஒன்று தீர்ந்தால் தினச்செலவு குறைகிறது. ஒரு பைசா சேர்க்காமலேயே வங்கி வரியில் நாள் கூடுகிறது. அரிசி வாங்குவதைவிட இது பெரிய தயாரிப்பு. படம் எடுத்துப் போட முடியாது என்பதால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை போலிருக்கிறது.

வங்கியில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு என்பதற்காகத்தான் ரொக்கத்துக்குத் தனி வரி. சைப்ரஸில் 2013 மார்ச்சில் வங்கிகள் பன்னிரண்டு நாள் போல மூடிக் கிடந்தன. திறந்த பிறகும் ஒரு நாளைக்கு 300 யூரோதான். கிரீஸில் 2015 ஜூன் கடைசியில் வங்கிகளை மூடியபோது ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோ. கணக்கில் பணம் இருந்தவர்களும் வரிசையில்தான் நின்றார்கள். ஆனால் வீட்டில் கட்டுக்கட்டாக வைப்பதும் முட்டாள்தனம். விலைவாசி ஏற ஏற அது உட்கார்ந்த இடத்திலேயே கரையும், திருட்டுப் பயம் வேறு. எங்கள் அளவு இரண்டு வாரச் செலவு, அதுவும் சில்லறை நோட்டாக.

அரிசியும் வண்டும்

சாப்பாட்டுக் கணக்குக்கு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நிவாரணத்துக்குப் போடும் அளவையே எடுத்துக்கொண்டேன்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 2100 கலோரி. நான்கு பேருக்கு 8400. 90 நாளைக்கு 7,56,000. ஒரு கிலோ அரிசி சுமார் 3600, பருப்பு 3400, ஒரு லிட்டர் எண்ணெய் 8200, சர்க்கரை 3900, பால் பவுடர் 5000. அடித்துத் திருத்திக் கடைசியில் வந்தது: அரிசி 120 கிலோ, பருப்பும் பயறும் 40, எண்ணெய் 15 லிட்டர், சர்க்கரை 12, பால் பவுடர் 4. இதில் காய் இல்லை, பழம் இல்லை. உயிர் வாழும் கணக்கு, அவ்வளவுதான்.

முதல் தவணையாக 50 கிலோ அரிசி வாங்கி ஒரு பெரிய டிரம்மில் கொட்டி, மூடியை இறுக்கி, பெரிய சாதனை செய்ததுபோல் படுத்துத் தூங்கினேன். அம்மா மட்டும், "ஏண்டி, திறந்து பாக்காத அரிசியில வண்டுதான் குடித்தனம் நடத்தும்" என்றாள். ஆறு வாரம் கழித்துத் திறந்தேன். மேல் பரப்பில் பழுப்பாகப் பொடிப்பொடியாக நடமாட்டம். கையை விட்டு ஒரு பிடி அள்ளினால் விரலெல்லாம் மாவு. சில அரிசியில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை.

மூடி இறுக்கமாகத்தானே இருந்தது, எப்படி உள்ளே வந்தது? வெளியிலிருந்து வரவே இல்லை. பெண் வண்டு அரிசியில் துளை போட்டு உள்ளே முட்டையிட்டு, வாயை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து வண்டாக வெளியே வர, வெக்கையில் ஒரு மாதம் போதும். நான் வாங்கியது அரிசியும் முட்டையும் சேர்ந்த மூட்டை. சலிப்பதெல்லாம் வெளியே வந்ததைத்தான் எடுக்கும்.

இப்போது வாங்கும் எல்லாமே முதலில் ஃபிரீசருக்குப் போகிறது. ஐந்து கிலோ பையாகக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள். முட்டையும் செத்துப்போகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது என்பதை ஒரு பையைப் பலி கொடுத்துத்தான் கற்றேன். குளிர்ந்த அரிசியில் வெளிக்காற்று பட்டதும் வியர்த்துக் கொட்டிவிட்டது. கட்டியபடியே ஒரு நாள் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு அவிழ்க்க வேண்டும்.

ஈரம் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. நன்றாக வறுத்து ஆற வைத்த உப்பைக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பாகம் போடுங்கள். பாதி வரை தானியம் போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்து உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். இன்னும் காய வேண்டும். எங்கள் பயறில் ஒரு மூட்டை இதில் தோற்றது. கடை மூட்டை காய்ந்துதான் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

120 கிலோவில் பாதியைத்தான் நீண்ட நாளுக்கென்று அடைத்தேன். நான்கு வாளி, ஒவ்வொன்றும் 20 லிட்டர், உள்ளே அலுமினியப் படலம் வைத்த தடித்த பை, பைக்கு 15 கிலோ. கூடவே ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம். அதில் இருப்பது இரும்புத் தூள்தான். துருப்பிடிக்கும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். வாளியில் அரிசிக்கு நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ 8 லிட்டர் காற்று. அதில் 21 சதவீதம் ஆக்சிஜன், அதாவது 1700 சி.சி. (1.7 லிட்டர்) போல. ஆகவே 2000 சி.சி. பொட்டலம்.

இதிலும் சொதப்பல். பொட்டலக் கட்டைப் பிரித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து எடுத்தால், மெத்தென்று இருக்க வேண்டியவை கட்டிதட்டிப் போய்க் கையில் இளஞ்சூடாக இருந்தன. அறையில் இருந்த ஆக்சிஜனையெல்லாம் குடித்துத் தங்கள் வேலையை முடித்துவிட்டன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். இரண்டாம் முறை முதலில் நான்கு பையிலும் அரிசியை நிரப்பி, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, பிறகுதான் கட்டைப் பிரித்தேன். பை வாயை ஒரு மரச்சட்டத்தின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் இடத்தில் அரிசித் தூசி இருக்கக் கூடாது. துணியால் துடைக்காத மூன்றாம் பை ஒட்டியதுபோல் நடித்தது. மறுநாள் மற்ற மூன்று பையும் சுருங்கி, அரிசி அரிசியாக வெளியே தெரிய இறுகியிருந்தன. மூன்றாவது மட்டும் தலையணை மாதிரி. திரும்பப் பிரித்து, புதுப் பொட்டலம் போட்டு ஒட்டினேன்.

சில பொருளுக்கு இந்த முறை ஆகாது. தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய் இருக்கிறது, சில மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும். வெள்ளை அரிசிதான் வருடக்கணக்கில் நிற்கும். சர்க்கரைக்கு உறிஞ்சும் பொட்டலம் போட்டால் பாறையாகிவிடும். அதற்கும் உப்புக்கும் இறுக்கமான டப்பாவே போதும். ஈரப்பசை உள்ள எதையும் ஆக்சிஜன் இல்லாமல் அடைக்கவே கூடாது. போட்யூலிசம் என்ற கொடிய விஷத்தை உண்டாக்கும் கிருமிக்கு அந்தச் சூழல்தான் பிடிக்கும்.

மீதி 60 கிலோ சாதாரண டப்பாவில், தினமும் புழங்குவது. புதியது பின்னால், பழையது முன்னால். வாளி நான்கு மாதத்துக்கு ஒன்றாகத் திறந்து, அதே வாரம் நிரப்பி மூடுகிறோம். சாப்பிடாத எதையும் வாங்குவதில்லை. ஆரம்பத்தில் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய சோளமாவு இன்னும் என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு நாள் ஒத்திகை

ஆறு மாதம் சேர்த்த பிறகு தாளில் எண்ணெல்லாம் அழகாக இருந்தது. கணவர், "எழுதினது சரியான்னு பாத்துடுவோமா?" என்றார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்தோம், தண்ணீர் வால்வை மூடினோம், பர்ஸ் இரண்டையும் அம்மாவிடம் கொடுத்தோம். ஞாயிறு மாலை வரை என்று பேச்சு. ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைப்பது மகளின் பொறுப்பு. அந்த வேலையை அவள் போலீஸ் உத்தியோகம் போலச் செய்தாள்.

முதல் அடி இரவு 9 மணிக்கு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 1800 வாட்-மணி, பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கையில் 900. இரண்டு எல்.இ.டி. விளக்கு 90, மின்விசிறி எட்டு மணி நேரத்துக்கு 560, போன், ரவுட்டர் 90, இன்வெர்ட்டர் விழுங்குவது தனி. ஒரு ராத்திரி தாராளமாக ஓட வேண்டும். மூன்று மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்தியது.

மறுநாள் வெளிச்சத்தில் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை வைத்து பேட்டரியின் ஆறு செல்லையும் பார்த்தேன். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான். உள்ளே அமிலம், மேலே வருவது ஹைட்ரஜன். ஐந்து செல் 1.200 பக்கத்தில். மூன்றாவது மட்டும் 1.110. செல்களுக்குள் 0.050க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த செல் போய்விட்டது என்று அர்த்தம். எட்டிப் பார்த்தால் தகடு தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தது. வருடக்கணக்கில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாத பாவம். பேட்டரி மாற்ற வேண்டியதாயிற்று. கூடவே மின்விசிறியை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. வகையாக மாற்றினேன். 560 என்ற எண் 240 ஆனது. பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட மின்விசிறியைச் சின்னதாக்குவது மலிவு.

இரண்டாவது அடி கழிப்பறையில். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லிட்டர் என்று 14 நாளைக்கு 224 லிட்டர் வைத்திருந்தேன். சனிக்கிழமை மதியத்துக்குள் 60 லிட்டர் காலி. குடித்து அல்ல, ஒவ்வொரு ஃப்ளஷ்ஷுக்கும் 6 லிட்டர். பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்பியர் தரநிலை ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று சொல்வது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது பாத்திரமும் துணியும் அலசிய தண்ணீர் ஒரு வாளியில் சேர்ந்து கழிப்பறைக்குப் போகிறது. குடிநீர் டிரம்முக்கு அந்தப் பக்கம் வழியே இல்லை. இன்னொன்று, 200 லிட்டர் டிரம்மைத் தரையில் வைத்திருந்தேன். குழாய்க்குக் கீழே ஒரு செம்பு கூட நுழையவில்லை. நிரம்பிய டிரம் 200 கிலோ, யார் தூக்குவது? காலியான பிறகுதான் செங்கல் அடுக்கி மேலே ஏற்ற முடிந்தது.

தெளிந்த தண்ணீரைச் சேமிக்கும்போது வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீத பிளீச் லிட்டருக்கு 2 சொட்டு. கலங்கல் என்றால் முதலில் துணியில் வடிகட்டி, இரட்டிப்புச் சொட்டு. அரை மணி நேரம் கழித்து லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். பிளீச்சும் வைக்க வைக்க வீரியம் குறையும், வருடம் தாண்டியதை நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் கொதிக்க வைப்பதே மேல். தளபுளவென்று ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதியில் மூன்று நிமிடம்.

அடுப்பில்தான் எதிர்பாராத லாபம். ஒத்திகைக்கு முந்தின வாரம் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய கம்பளியைச் சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு அடைத்து, நடுவில் பானை பொருந்தும் அளவுக்குக் குழி விட்டிருந்தேன். ஊறிய அரிசியை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியோடு அந்தக் குழியில் இறக்கி, மேலே தலையணை. ஒரு மணி நேரத்தில் சோறு வெந்திருந்தது. அம்மா ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, "அடுப்பே இல்லாம வெந்துடுச்சே" என்று மூடியைத் திரும்பத் திரும்பத் திறந்து சூட்டையெல்லாம் விட்டாள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்: நான்கு மணி நேரம் கழித்து ஐந்து லிட்டர் தண்ணீர் 72 டிகிரி, ஒரு லிட்டர் வெறும் 54. பானை நிரம்பியிருந்தால்தான் சூடு நிற்கும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகும் என்பதால் ராத்திரி முழுக்கப் பெட்டியில் விடுவதில்லை.

ராஜ்மா மாதிரி சிவப்பு பீன்ஸை மட்டும் நேராகப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். அதில் உள்ள லெக்டின் நச்சு அரைச்சூட்டில் போகாது. ஐந்து மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதித்த பிறகுதான் பெட்டி. கரி அடுப்பை அவசரத்துக்கு வீட்டுக்குள் ஏற்றலாமே என்று மாமா ஒருவர் யோசனை சொன்னார். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வாசலுக்கு வெளியே மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

மருந்து வரி எளிதாக ஏறியது. அம்மாவின் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் கூடுதலாக இரண்டு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். கேட்டால் கிடைக்கும் விஷயத்துக்கு இத்தனை நாள் கேட்காமல் இருந்திருக்கிறோம். சமையலறை அலமாரியிலிருந்து டப்பாவைப் படுக்கையறைக்கு மாற்றினேன்; சூடும் ஆவியும் மாத்திரைக்கு ஆகாது. டப்பா மூடியின் உள்ளே மகளின் கையெழுத்தில் ஒரு சீட்டு: வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது என்பதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்.

ஞாயிறு மாலை 6 மணிக்கு விளக்கு எரிந்தபோது யாரும் கைதட்டவில்லை. மகள் நேராக ரவுட்டரிடம் போனாள். நான் தாளில் மின்சாரத்தை அடித்து 0 என்றும், தண்ணீரை 4 என்றும் திருத்தினேன்.

அதற்குப் பிறகு இன்னொரு ஒத்திகை ஆகிவிட்டது. இந்த வாரத் தாள்: சாப்பாடு 92, தண்ணீர் 14, அடுப்பு 58, மின்சாரம் 2, மருந்து 66, ரொக்கம் 14, வங்கி 118. சின்ன எண் மின்சாரம்தான். 100 வாட் சோலார் பலகை ஒன்று வைத்தால் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 400 வாட்-மணி கிடைக்கும், எங்கள் தினச்செலவுக்கு ஏறக்குறைய சரி. எங்கே வைப்பது என்று பார்க்க மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த மணிக்கு எங்கே விழுகிறது என்று மகள் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்றுப் பெய்த தூறலில் காலை 9 மணிக் கோடும் 10 மணிக் கோடும் அழிந்துவிட்டன. நாளைக்குத் திரும்பப் போட வேண்டும்.